ஆய்வகத்துக்குப் போன கற்கள்

உன் அட்டவணையை அறிக்கையிலிருந்து நீக்கியது நான்தான். சார் இல்லை, கல்லூரி இல்லை, திட்டத்துக்கு நிதி கொடுத்த துறை இல்லை. அவர்கள் நீக்கச் சொன்னார்கள். நீக்கிய விரல் என்னுடையது. அப்போது உன் பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்திருக்கவில்லை.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். உன்னைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் உன் சிரிப்பில் தொடங்குகிறார்கள். நம் கல்லூரித் துறையின் ஆண்டு மலரில் உனக்கு நான்கு வரி போட்டிருக்கிறார்கள்: கடின உழைப்பாளி, இனிய சுபாவம், அனைவரிடமும் அன்பு. இதை எழுதியவர் உன்னோடு ஒரு நாள்கூட வேலை செய்திருக்க மாட்டார். பிரித்த சிமெண்ட் மூட்டையை நான் கட்டாமல் விட்டுப் போனதற்கு இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவள் நீ.

போன மாதம் கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று ஆய்வகத்தைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். பெரிய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சுவரோரம், பழைய அச்சுகளுக்கு அடியில் ஒரு நீல வாளி. மூடியைத் திறந்தேன். துருவும் பாசியும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறியது. அது ஊருக்குள் எங்கேயும் அடிக்காத வாடை. கடலோர மண்டபத்தூரில் போர் போட்டு எடுக்கும் தண்ணீரின் வாடை. தண்ணீர் முக்கால்வாசி வற்றி, வாளியின் உட்புறம் வெள்ளை வெள்ளையாக வளையம் கட்டியிருந்தது. அடியில் கல்லாக வார்த்த ஆறு கட்டிகள். வாளியின் மேல் ஒட்டியிருந்த டேப்பில் உன் கையெழுத்து: 'தொடாதே. ஓராண்டு முடியணும். தொட்டால் கை உடையும்.'

ஓராண்டு முடிந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. யாரும் தொடவில்லை. நீ மிரட்டியதால் இல்லை. யாருக்கும் ஞாபகமே இல்லை.

நீயும் நானும் ஒரே நாளில் அந்தத் திட்டத்தில் சேர்ந்தோம். நான் எம்.இ. முடித்தவள், நீ டிப்ளமா. அதனால் நான் ஆய்வு உதவியாளர், நீ ஆய்வக உதவியாளர். ஒரு சொல்தான் வித்தியாசம். அந்தச் சொல்லால் எனக்கு நாற்காலி கிடைத்தது, உனக்கு ஸ்டூல். விழிதியூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, வாசலிலேயே துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைவாய். முதல் நாளே என்னிடம் கேட்டாய்: "மேடம்னு கூப்பிடணுமா, இல்ல பேரு சொல்லலாமா?" பேர் சொல்லு என்றேன். "நல்லவேளடி. மேடம்னா கல்லு தூக்கச் சொல்ல முடியாது."

திட்டம் இதுதான். அரிசி ஆலைகளில் உமியை எரித்த சாம்பல் மலை மலையாகக் கிடக்கிறது. அதைச் சிமெண்டுக்குப் பதிலாகப் பாதியளவு கலந்து கட்டுமானக் கல் செய்ய வேண்டும். சிமெண்ட் குறையும், புகை குறையும், வயல் கழிவு வீடாகும். நான் இதை இப்போதும் நம்புகிறேன். நீயும் நம்பினாய். நம்பாதவர்கள் அவ்வளவு சாம்பலை நுரையீரலுக்குள் இழுத்துக்கொண்டு சலிக்க மாட்டார்கள். மூன்றாவது கலவையிலேயே கல் நன்றாக வந்தது. திட்டத் தலைவரான நம் சார் சந்தோஷத்தில் எல்லாருக்கும் சமோசா வாங்கித் தந்தார். நீ கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கல்லு பரவால்ல சார், சமோசாதான் ஊறிப்போயிருக்கு" என்றாய். அவரும் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு குழப்பம் இருந்திருக்காது.

அடுத்து, அந்தக் கல்லால் ஒரு மாதிரி வீடு கட்ட வேண்டும் என்று முடிவானது. மண்டபத்தூரில் செல்வி அக்கா குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இரண்டு பெண் குழந்தைகள். கடலைப் பார்த்த ஓலை வீடு. ஓலையைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் கட்டினோம். செல்வி அக்கா நம்மை 'எஞ்சினியரு பொண்ணுங்க' என்று கூப்பிடுவார். நீ ஒவ்வொரு தடவையும் திருத்துவாய், "அது எஞ்சினியரு, நான் டிப்ளமாக்கா." அவர் விடமாட்டார். "ரெண்டு பேருக்கும் கையில சிமெண்டுதான ஒட்டியிருக்கு?"

கொத்தனார் மரியதாசை நினைவிருக்கிறதா என்று உன்னைக் கேட்பது அபத்தம். எல்லாம் அவரிடமிருந்துதான் ஆரம்பித்தது. அங்கேயே கல் அறுத்து, அங்கேயே தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தி, அங்கேயே சுவர் வைத்தார்கள். வாரந்தோறும் சில கற்களைச் சோதனைக்கு என்று ஆய்வகத்துக்கு அனுப்புவார். நாம் இயந்திரத்தில் வைத்து நசுக்குவோம். ஒவ்வொரு முறையும் முள் நாம் எதிர்பார்த்ததைத் தாண்டிப் போய் நின்றது. சார் அந்தத் தாள்களை முகம் மலர வாங்கிக்கொண்டார். அந்தத் தாள்களை வைத்துத்தான் வீடு பாதுகாப்பானது என்று சான்று போனது. திறப்பு விழா நடந்தது. பந்தல், ரிப்பன், மைக். 'உற்பத்தித்திறனும் புத்தாக்கமும் கைகோர்த்த வீடு' என்று ஒருவர் பேசினார். செல்வி அக்கா புதுப்புடவையில் வாசலில் நின்றார். அவரை யாரும் பேசச் சொல்லவில்லை.

விழா முடிந்து இலை போட்டபோது மரியதாசுக்கு எதிரே நீ உட்கார்ந்தாய். சாம்பார் ஊற்றும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டாய், "அண்ணே, உங்க கல்லு எப்படிண்ணே எல்லாமே ஒரே மாதிரி பாஸாவுது? எங்க லேப்ல நாங்களே போட்டது கூட ஒண்ணு ரெண்டு சறுக்குது."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "லேபுக்குப் போற கல்லாச்சே பாப்பா! அதுக்குன்னு டவுன்லேர்ந்து கேன் தண்ணி கொண்டாந்து குழைச்சேன். ஊறப் போட்டதும் கேன் தண்ணிலதான். இங்க போர் தண்ணி ஒரே உப்பு, வாயில வைக்க முடியாது. வெளியூரு போற புள்ளைக்கு நல்ல சட்ட போட்டு அனுப்ப மாட்டமா?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகு உன் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"அப்ப வீட்டுக்குண்ணே?"

"வீட்டுக்கென்ன, போர் தண்ணிதான். அது எங்க போவப் போவுது?"

அந்த மனிதர் ஏமாற்றவில்லை. அவர் ஊரில் அரிய பொருள் நல்ல தண்ணீர். விருந்தாளிக்கு அதைத்தான் கொடுப்பார்கள். ஆய்வகம் அவருக்கு விருந்தாளி. நாம் நசுக்கிய கற்கள் எதுவும் அந்த வீட்டுக் கற்கள் அல்ல. நம் சான்று, வேறு தண்ணீரில் பிறந்த கற்களுக்கான சான்று. எந்தத் தண்ணீர் என்று யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டியது நான். தள ஆய்வுப் படிவத்தில் 'நீர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'சரி' என்று வாராவாரம் டிக் போட்டவள் நான்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். "உப்பு கல்லுக்குள்ள போயிடுச்சுடி. மழைக்கு ஊறும், வெயிலுக்குக் காயும். ஒவ்வொரு தடவையும் உள்ள உப்பு பூத்து கல்ல நெம்பும். சிமெண்ட வேற பாதியா கொறச்சிட்டோம். ஜன்னலுக்கு மேல கம்பி வேற கெடக்கு, துரு புடிச்சிடும்." எனக்கும் தெரியும். எம்.இ.யில் படித்திருக்கிறேன். தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி அது.

சாரிடம் சொன்னோம். அவர் முகம் சுண்டியது. "திறப்பு விழா முடிஞ்சிடுச்சேம்மா" என்றார். அதையே இன்னொரு முறையும் சொன்னார். பிறகு, "சரி, ஒரு பக்கமா டெஸ்ட் பண்ணிப் பாருங்க. திட்டத்தோட வேலை கெடக்கூடாது" என்றார்.

அப்படித்தான் அந்த வாளி வந்தது. மரியதாஸ் நல்ல தண்ணீரைக் கேனில் மண்டபத்தூருக்குச் சுமந்தார். நீ உப்புத் தண்ணீரைக் கேனில் மண்டபத்தூரிலிருந்து சுமந்தாய். அதே கலவை, அதே சாம்பல், அந்தப் போர் தண்ணீர். சின்னச் சின்னக் கட்டிகளாக வார்த்தாய். ஒரு வாரம் வாளிக்குள் ஊறும், அடுத்த வாரம் மொட்டை மாடியில் காயும். மழையும் வெயிலும் மாறி மாறி அடிப்பதை ஒரு வாளிக்குள் கொண்டுவந்தாய். மாடியில் கட்டிகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அலுவலக அக்கா கேட்டார், "என்னாடி, வடாமா?" நீ சொன்னாய், "ஆமாக்கா. பொரிச்சா சொல்றேன்."

அந்த மாதங்களில் நம்மிடம் ஒரு படிவம் கேட்டார்கள். ஆராய்ச்சி உற்பத்தித்திறன் படிவம். ஒவ்வொரு மாதமும் என்ன விளைந்தது என்று எழுத வேண்டும். எத்தனை கட்டுரை, எத்தனை காப்புரிமை விண்ணப்பம், எத்தனை கருத்தரங்கு. நான் இரண்டு கட்டுரையை நான்காகப் பிரித்து எழுதக் கற்றுக்கொண்டேன். நீ 'இம்மாத விளைவு' என்ற இடத்தில், 'கல் ஊறுகிறது' என்று எழுதினாய். சார் கூப்பிட்டார்.

"என்னம்மா இது?"

"உண்மைதான் சார். ஊறுது."

"அடுத்த மாசம் என்ன எழுதுவே?"

"அடுத்த மாசமும் ஊறும் சார்."

"இதை நான் மேல அனுப்ப முடியுமா?"

"நடவு நட்ட மறுநாளே கண்டுமுதல் எவ்வளவுன்னு கேட்டா எங்கப்பா என்ன சார் சொல்லுவாரு?"

அவர் அதை அடித்துவிட்டு 'நீடித்த பயன்பாட்டு ஆய்வு முன்னேற்றத்தில்' என்று எழுதி அனுப்பினார். அழகான சொற்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு நீல வாளி இருக்கிறது என்று மேலே யாருக்கும் தெரியாது.

ஆறாம் மாதம் பாதிக் கட்டிகளை எடுத்து நசுக்கினோம். முள் எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே போகவில்லை. வெகு முன்பே தயங்கி, நின்று, விழுந்தது. அடுத்ததும் அப்படியே. நீ எண்களை எழுதினாய். கடைசிக் கட்டியின் விளிம்பைக் கட்டை விரலால் தேய்த்தாய். தூளாக வந்தது. "செல்வி அக்கா வீட்டுக்குப் போவணும்டி" என்றாய். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழை விட்டதும் போவோம் என்றேன். மழை விட்டால் வேறு வேலை வந்துவிடும் என்று இருவருக்கும் தெரியும்.

அந்த எண்களை அட்டவணையாகத் தட்டச்சு செய்தவளும் நான்தான். நாற்பத்தோராம் பக்கத்தில் வைத்தேன். அடியில் உன் பெயரைப் போட்டேன். நீ பார்த்துவிட்டு, "முதல் தடவையா என் பேரு அச்சுல வருது. ஸ்பெல்லிங் சரியா போட்டியா?" என்றாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு இரண்டு நாள் வேலைக்கு வந்தாய். நம்மைப் போன்ற ஒப்பந்தக்காரர்களுக்கு மருத்துவ விடுப்பு கிடையாது என்பதை இந்த உலகில் யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை. மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. இரத்தத்தில் ஏதோ குறைகிறது என்றார்கள். இங்கே வசதி இல்லை, பாண்டிக்குக் கொண்டு போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். காரைக்காலில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை. நோய் நம் ஊரில் வரும், வைத்தியம் இன்னொரு மாநிலத்தைக் கடந்த பிறகு இருக்கும். நடுவில் எத்தனை ரயில்வே கேட், எத்தனை வேகத்தடை என்று வேண்டுமானால் சொல்வோம்.

ஆம்புலன்சிலிருந்து நீ போன் செய்தாய். குரல் தேய்ந்திருந்தது. பின்னால் உன் அப்பா, "பேசாதம்மா, பேசாத" என்றது கேட்டது.

"டேபிள சேத்துட்டியா?"

"சேத்துட்டேன்டி. நாப்பத்தொண்ணாவது பக்கம்."

"ம்."

அப்போது அது உண்மை. நான் பொய் சொல்லவில்லை. சீர்காழி தாண்டிக் கொள்ளிடம் பாலத்துக்கு முன்பே நீ போய்விட்டாய் என்று சாயங்காலம் சொன்னார்கள். அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறிக்கையின் ஓரங்களில் எவ்வளவு இடம் விடுவது என்று சரிசெய்துகொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து சார் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை. "நல்ல பொண்ணும்மா" என்றார். பிறகு அறிக்கையைப் புரட்டினார். "இந்த நாப்பத்தொண்ணாவது பக்கம்... இது திட்டத்தோட வரம்புக்குள்ள வரல பாரு. நாம ஆரம்பத்துல சொன்ன ஆய்வுல இது இல்ல. உள்ள வெச்சா நூறு கேள்வி வரும். கடைசியில 'எதிர்கால ஆய்வுக்கான வாய்ப்புகள்'னு ஒரு பகுதி இருக்கில்ல, அங்க ஒரு வரி போடு. கடலோரச் சூழலில் மேலும் ஆய்வு தேவைன்னு."

"சார், அந்த வீட்டுல ஆளுங்க இருக்காங்க."

"அதனாலதாம்மா ஒரு வரி போடச் சொல்றேன்."

என் ஒப்பந்தம் அந்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் அவர் மேல் பழி போடலாம். நானே நினைத்தேன், நானே பயந்தேன், நானே நீக்கினேன். நான்கு பேர் குடியிருக்கும் ஒரு வீட்டை 'எதிர்கால வாய்ப்பு' என்ற தலைப்பின் கீழ் தள்ளிவிட்டேன். உன் பெயர் நன்றியுரையில் வருகிறது, இயந்திரம் வாடகைக்குத் தந்தவர்களுக்கு அடுத்து. ஸ்பெல்லிங் சரியாகத்தான் இருக்கிறது.

அந்த அறிக்கைக்கு விருது கிடைத்தது. சாரோடு மேடையேறி நானும் கேடயத்தை வாங்கினேன். படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

வாளியைப் பார்த்த அன்று, மதிப்பீட்டுக் குழு போனபிறகு, ஆறு கட்டிகளையும் துடைத்து இயந்திரத்தில் வைத்தேன். நீ எப்படி வைப்பாயோ அப்படி, வார்த்த முகம் பக்கவாட்டில் இருக்குமாறு. எண்களை இங்கே எழுதப் போவதில்லை. மூன்றாவது கட்டியை எடுத்து வைக்கும்போதே ஒரு மூலை என் கையோடு வந்துவிட்டது என்று சொன்னால் உனக்குப் புரியும்.

தாளை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். நிறைய நேரம் பார்த்தார்.

"ஒரு வாளி. ஆறு கட்டி. நடுவுல தண்ணி வத்தியிருக்கு, காயப்போடவும் இல்ல. இதை வெச்சு ஒரு வீட்டை இடின்னு சொல்வியா நீ?"

"இடிக்கச் சொல்லல சார். போய்ப் பாக்கலாம். சுவத்துலேர்ந்து ரெண்டு கல்லு எடுத்து டெஸ்ட் பண்ணலாம்."

"திட்டம் முடிஞ்சிடுச்சும்மா. முடிஞ்ச திட்டத்துக்கு வண்டிகூடக் கேக்க முடியாது. போலகம் பக்கம் பத்து வீடு இதே கல்லுல வரப்போவுது. இந்த நேரத்துல சுவத்த நோண்டினா என்ன ஆகும்?"

அவர் சொன்னதில் பாதி சரி. ஆறு கட்டியை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. நூறு கட்டி வேண்டும், ஐந்து வருடம் வேண்டும், இன்னொரு திட்டம் வேண்டும். அந்தத் திட்டத்துக்கு யாரும் நிதி தர மாட்டார்கள். ஏனென்றால் அது புதிய கல்லைக் கண்டுபிடிக்காது. ஏற்கெனவே விருது வாங்கிய கல் உதிர்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். உதிர்கிறது என்பதைப் புத்தாக்கம் என்று யார் சேர்த்துக்கொள்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போனேன். செல்வி அக்கா வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க எஞ்சினியரம்மா. போட்டோ புடிக்க வந்தீங்களா? இருங்க, நல்ல பக்கமா நிக்கிறேன்."

உள்ளே கூட்டிப் போனார். முழங்கால் உயரத்துக்கு அறை முழுக்கச் சுவர் பொரிந்திருந்தது. அவர் கணவர் இரண்டு தடவை சிமெண்ட் பால் அடித்திருக்கிறார். அதையும் தள்ளிக்கொண்டு உப்பு வெளியே வந்திருந்தது. ஜன்னலுக்கு மேலே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. கம்பி துருவேறி வீங்கத் தொடங்கிவிட்டால் சுவர் அப்படித்தான் சொல்லும்.

"தெனம் காலையில ஒரு மொறம் மாவு வாருறேன்" என்றார். "எங்க வீட்டுல மாவுக்கு மட்டும் பஞ்சமே இல்ல."

பிறகு என் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார். "அந்தக் கறுத்த பொண்ணு எங்க, டிப்ளமா? அது வந்தா சுவத்த தட்டித் தட்டிப் பாக்கும். மழ முடிஞ்சதும் வரேன்னு போன்ல சொல்லுச்சு. ஆளையே காணும். கல்யாணம் கில்யாணம் ஆயிடுச்சா?"

எனக்குத் தெரியாமல் நீ அவரிடம் போனில் பேசியிருக்கிறாய்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. கையிலிருந்த மீன் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். "என்னா வயசு அதுக்கு" என்றார். கேள்வி மாதிரி இல்லை. சின்னவள் சுவரோரமாகப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில், பாயின் விளிம்பில், வெள்ளையாகத் தூள் விழுந்திருந்தது. செல்வி அக்கா அதைப் புறங்கையால் துடைத்தார். பழகிய கை. பார்க்காமலே துடைத்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேன் தண்ணீர், போர் தண்ணீர், வாளி, நீக்கிய பக்கம். என் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போட்டோம்" என்றார். "ஒங்களுக்குத்தான் பக்கா வீடு இருக்கேன்னு பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துட்டாங்க. ஓலையா இருந்தப்ப மொத பேரு எங்க பேரு. இது வந்ததால அதுவும் போச்சு."

இது எனக்குத் தெரியாது. நம் படிவத்தில் பயனாளி என்று எழுதிய குடும்பம், நம் கல்லால் இன்னொரு பட்டியலிலிருந்து வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. அதற்கும் எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

செல்வி அக்கா எழுந்து போய் மூத்தவளின் நோட்டுப் புத்தகத்திலிருந்து நடுத்தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். பேனாவையும் மேலே வைத்து என் முன்னால் நீட்டினார்.

"எனக்கு உப்பும் தெரியாது, கம்பியும் தெரியாது. அடுத்த மாசம் மழ எறங்கிடும். இந்த வீட்டுல புள்ளைங்களப் படுக்க வைக்கலாமா, கூடாதா? ஒரு வரி எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கூடாதுன்னா அத எடுத்துக்கிட்டு எந்த ஆபீசு வாசல்ல வேணா போய் உக்காருவேன். இருக்கலாம்னா நிம்மதியா தூங்குவேன்."

பேனாவைத் திறந்தேன். 'கூடாது' என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. ஆறு கட்டிதான் இருக்கிறது. எழுதினாலும் என் கையெழுத்துக்கு எந்த அலுவலக வாசலிலும் மதிப்பில்லை. மறுநாள் எனக்கு வேலையும் இருக்காது, அவர்களுக்கு வீடும் இருக்காது. 'இருக்கலாம்' என்று எழுதினால் அது நான் போடும் இன்னொரு டிக். "எனக்குத் தெரியலக்கா" என்றேன். அதுதான் உண்மை. அந்தச் சுவர் பத்து வருடமும் நிற்கலாம், இந்த மழைக்கே சாயலாம்.

"தெரியலங்கறத நாங்களே சொல்லிக்குவோமே. தெரிஞ்சவங்கன்னுதானே ஒங்கள உள்ள விட்டோம்."

தாளை வாங்கி மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு அலுவலகங்களுக்கு மனு போட்டேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். சாருக்கு மறுபடி கடிதம் கொடுத்தேன். 'பார்த்தேன்' என்று கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினார்.

அந்தத் தாள் என் பையில் இருக்கிறது. கோடு போட்ட தாள், ஓரத்தில் ஒரு குழந்தை வாத்து வரைந்திருக்கிறது. தினமும் அதோடு வேலைக்குப் போகிறேன், அதோடு திரும்பி வருகிறேன். நேற்றுக் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. செல்வி அக்கா போன் செய்தார். "எழுதிட்டீங்களா?" நாளைக்கு என்றேன்.

நீயாக இருந்திருந்தால் அங்கேயே, அந்தத் தரையிலேயே, உட்கார்ந்து எழுதியிருப்பாய். உனக்கு நாற்காலி இல்லை, இழக்க ஒன்றுமில்லை என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது பொய். உனக்கும் வேலை தேவைப்பட்டது. விழிதியூரில் உன் அப்பாவுக்கு வேறு யாரும் இல்லை. ஆனாலும் எழுதியிருப்பாய். என்ன எழுதியிருப்பாய் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வரியை எனக்குச் சொல். மழைக்கு முன்னால் சொல்.